பெரிய நெருப்பு எல்லாம் நல்ல நெருப்பு இல்லை



போன கிழமை வகுப்பில் எரிதல் பற்றிப் படிப்பித்துக்கொண்டிருந்தோம். ஒரு மாணவன் எழும்பி, "சேர், ரைபிள் ரவையில சாதா பிரைமருக்குப் பதிலா மேக்னம் பிரைமர் போட்டா சன்னம் இன்னும் வேகமாப் போகும்தானே?" என்று கேட்டான். ஏதோ வீடியோ பார்த்திருக்கிறான். வகுப்பே சிரித்தது. எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

நாங்கள் சின்னப் பிள்ளையாக இருந்த காலத்தில் மூத்தவாப்பாவோடு வட்டைக் காவலுக்குப் போவோம். பக்கத்து வயல்காரரிடம் ஒரு நாட்டுத் துவக்கு இருந்தது. வாய்ப்பக்கத்தால் மருந்து இடித்து, கேப்பு வைத்துச் சுடுவது. விளைந்த வேளாண்மைக்குள் யானை இறங்கிய ஓர் இரவு, "இண்டைக்குப் பெரிய சத்தம் வேணும்" என்று மருந்தை அளவில்லாமல் கொட்டினார். குழல் கைப்பக்கமாகப் பிளந்தது. இரண்டு விரல்கள் போயின. யானை அடுத்த இரவும் வந்தது.

அந்த ஞாபகத்தோடுதான் மாணவனுக்குப் பதில் சொன்னோம்.

பிரைமர் என்பது பித்தளைக் கோதின் அடியில் இருக்கும் சின்னக் கிண்ணம். ரைபிளுக்கு இரண்டு அளவு: ஏறத்தாழ 4.45 மில்லிமீற்றர், 5.33 மில்லிமீற்றர். ஊசி அடித்ததும் அதிலுள்ள மருந்து பொறிந்து, ஒரு துவாரத்தால் உள்ளே தீயை அனுப்பும். சன்னத்தைத் தள்ளுவது கோதுக்குள் இருக்கும் வெடிமருந்து. பிரைமர் தீக்குச்சி மாதிரி, பற்றவைப்பதே அதன் பிரதான வேலை.

மேக்னம் பிரைமரும் சாதாரணமும் ஒரே அளவு, ஒரே குழியில் பொருந்தும். ஆபத்தும் அங்கேதான். மேக்னத்தின் தீ கூடச் சூடானது, கூட நேரம் நிற்கும். பெரிய கோதில் மெதுவாக எரியும் மருந்து நிறைய இருந்தால், அல்லது மேற்பூச்சுப் பூசிய உருண்டை மருந்தாக இருந்தால், அல்லது கடுங்குளிர் நாடாக இருந்தால் அது தேவைப்படும். ஈர விறகுக்கு மண்ணெண்ணெய் ஊற்றுகிற மாதிரி. காய்ந்த தென்னோலைக்கும் அதையே ஊற்றினால்? புருவம் பொசுங்கும். இலகுவாகப் பற்றும் மருந்துள்ள சின்னக் கோதில் மேக்னம் போட்டால் அமுக்கம் சட்டென்று ஏறும். வேகம் பெரிதாகக் கூடாது, குறியும் சிதறலாம். அளவு ஏற்கெனவே உச்சத்தில் இருந்தால் துவக்கே தாங்காது.

அமெரிக்காவில் சட்டப்படி ரவை நிரப்புகிறவர்கள்கூடப் பரிசோதித்த கைநூலில் சொன்ன பிரைமரையே போடுவார்கள். பிரைமரை மட்டும் மாற்றினாலும் மருந்தைக் குறைத்து ஆரம்பத்திலிருந்து தொடங்குவார்கள். நம் நாட்டில் 1916ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டமும் 1956ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டமும் இருக்கின்றன. உரிமம் இல்லாமல் இதில் கைவைப்பது விளையாட்டு இல்லை.

வகுப்பு முடிந்தும் அவன் வாசலில் நின்றான். "அப்ப யானை வந்தா என்ன செய்யிற சேர்?"

அவன் கேட்க வந்தது அதுதான். அவர்களுக்கும் வட்டையில் வயல் இருக்கிறது. வனஜீவராசிகள் திணைக்களத்தின் யானை வெடி, மின்வேலி, சேர்ந்து காவல் இருப்பது என்று சொன்னோம். அது முழுப் பதில் இல்லை என்று அவனுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். ஆனால் கட்டுத்துவக்கு மனிதனையும் விழுத்தும், ஹக்க பட்டாஸ் யானையின் வாயைச் சிதைத்துப் பட்டினியில் சாகவைக்கும். அவையும் பதில் இல்லை.

பெற்றோரே, பிள்ளைகள் தீக்குச்சி மருந்தையும் பட்டாசு மருந்தையும் சேர்த்துப் பார்க்கிறார்களா என்று ஒருக்கால் கவனியுங்கள். ஏசாதீர்கள், உட்காரவைத்துப் பேசுங்கள். வட்டைக் காவல் பற்றி உங்களுக்குத் தெரிந்த நல்ல வழி இருந்தால் கீழே எழுதுங்கள். அவனுக்குக் கொண்டுபோய்ச் சொல்வோம், இன்ஷா அல்லாஹ்.