மகிழ்விலாத் தெருவில் வீழ்ந்தோன்

போர் எழுதுவோர் எந்நாட்டிலும் பலர். வென்றவன் வாயிலில் நின்று பாடிப் பரிசில் கொண்டோர் உளர். தோற்றவன் பழியை மறைக்க ஏடு புனைந்தோரும் உளர். பெர்னார்ட் ஃபால்! நீ அவ்விரு வரிசையிலும் நின்றாயல்லை. தோற்கப்போகும் படையொடு சேற்றில் நடந்தாய். அது தோற்கும் என்பதை அதன் தளபதியர் உணருமுன் உணர்ந்தாய். உணர்ந்ததை அவர் முகத்தெதிரே உரைத்தாய். உரைத்த நாவும் இன்றில்லை, கேளாத செவிகளும் மண்ணாயின. இடையே மாண்ட இலட்சங்களுக்காக யாம் யாரிடம் சென்று முறையிடுவது?

வியன்னாவில் 1926இல் பிறந்தாய். 1938இல் ஹிட்லர் ஆஸ்திரியாவை விழுங்க, யூதக் குடியினரான நின் பெற்றோர் பிரான்சில் அடைக்கலம் புகுந்தனர். அங்கும் பின்தொடர்ந்து வந்தது அவன் படை. தந்தையைக் கெஸ்டப்போ வதைத்துக் கொன்றது. கொண்டுபோகப்பட்ட தாய் மீளவில்லை. மீசை அரும்பும் 16 அகவையில் பிரெஞ்சு எதிர்ப்புப் படையில் சேர்ந்து துப்பாக்கி ஏந்தினாய். போர் ஓய்ந்தபின் நியூரம்பர்க்கில் போர்க்குற்ற வழக்குகளுக்காக ஆவணம் ஆய்ந்தாய். கொலைக்கும் கணக்கு உண்டு, கணக்குக்கு ஏடு உண்டு, ஏட்டின் அடியில் ஒருவன் கையொப்பம் உண்டு என்பதை அங்கேதான் கற்றாய் போலும். பெற்றோரைப் பறிகொடுத்த பிள்ளை பழி தேடிப் புறப்படுவது உலகியல். நீ ஏடு தேடிப் புறப்பட்டாய்.

1951இல் மாணவனாய் அமெரிக்கா சென்றாய். பிரெஞ்சு ஆட்சியை எதிர்த்து வியட்மின் படை போரிட்டுவந்த வியட்நாமுக்கு, ஆய்வின்பொருட்டு 1953இல் சொந்தச் செலவில் சென்று ஹனோய் சேர்ந்தாய். செவ்வாற்றுக் கழிமுகம் தம் ஆட்சியில் உள்ளது என்று பிரெஞ்சு அதிகாரிகள் வரைபடம் விரித்துக் காட்டினர். நீ அதன் வண்ணங்களை நம்பவில்லை. வரி அலுவலகம் சென்றாய்; எவ்வூர் வரி செலுத்துகிறது என்று பார்த்தாய். பள்ளித்துறைக்குச் சென்றாய், எவ்வூருக்கு ஆசிரியரை அனுப்ப முடிகிறது என்று பார்த்தாய். இரண்டையும் குறித்துப் புதியதொரு வரைபடம் தீட்டினாய். கழிமுகத்தின் பெரும்பகுதி எப்போதோ கைவிட்டுப் போயிருந்தது! இறை கொள்பவனே இறைவன் என்பது நம் பழங்குடி ஊர்க் கிழவனுக்கும் தெரிந்த செய்தி. பீரங்கியும் வானூர்தியும் வைத்திருந்தோர்க்குத் தெரியாமற் போயிற்று.

நாடு இரண்டாய்ப் பிளந்தபின் 1957இல் மீண்டும் சைகோன் வந்தாய். தெற்கில் அமைதி நிலவுகிறது என்றனர். நாளேடுகளில் ஊர்த்தலைவர்களின் சாவுச் செய்தி அடிக்கடி வரக் கண்டாய். ஒவ்வொன்றையும் வரைபடத்தில் புள்ளியாக்கினாய். புள்ளிகள் திரண்ட இடங்களில் அடுத்த போர் ஏற்கெனவே தொடங்கியிருந்தது. சாவுச் செய்தியைப் படித்துப் போரின் வரவு சொன்னவனே! நின் புலமையின் உச்சம் அதுவென்பேன். மற்றைய நூல்களெல்லாம் அதன்பின் வைக்கத்தக்கன.

ஆயினும் பிரெஞ்சுப் படை தோற்ற தியன் பியன் பூவைப் பற்றி நீ 1966இல் வெளியிட்ட பெருநூலை எங்ஙனம் மறப்பது? பிரெஞ்சுப் படையின் ஆவணக் கிடங்கு நினக்குத் திறந்தது. பெண் பெயர் சூடிய அங்குள்ள அரண்குன்றுகள், பியாட்ரிஸும் கேப்ரியலும் எலியானும், 1954 மார்ச் 13 முதல் மே 7 வரை ஒவ்வொன்றாய் வீழ்ந்த கதையைக் குழி குழியாய் எழுதினாய். பிரெஞ்சுக் கொடியின்கீழ் அங்கே செத்தோர் எல்லாம் பிரெஞ்சுக்காரர் அல்லர் என்றாய். அல்ஜீரியரும் மொராக்கியரும் ஆப்பிரிக்கரும், அயல்நாட்டுப் படையணியின் ஜெர்மானியரும், தாய் என்னும் மலைக்குடியினரும் வியட்நாமியரும் அக்கணக்கில் ஏறினர். போரை வெறுத்து ஆற்றங்கரைப் பொந்துகளில் பதுங்கியிருந்தோரையும் விட்டாயல்லை. வீரரை நீ சற்று மிகையாகவே நேசித்தாய் என்போர் உண்டு. அயல்நாட்டுப் படையணி பற்றிய நின் பக்கங்களில் எனக்கும் அவ்வையம் எழுவதுண்டு. அன்பின் மிகை அது. அதன்பொருட்டு ஓர் எண்ணையும் நீ திருத்தினாய் என்று சொல்வார் இல்லை.

வாஷிங்டனில் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் கற்பித்தாய். 1962இல் ஹனோய் சென்று ஹோ சி மின்னை நேர்கண்டாய். அமெரிக்கப் படைப்பள்ளிகள் நின்னை அழைத்து உரை கேட்டன. அதே அரசின் உளவுத்துறை நின்னைக் கண்காணித்தது. நோய் ஒரு சிறுநீரகத்தைக் கொண்டுபோயிற்று. மனைவி டோரத்தியும் பெண்மக்கள் மூவரும் வீட்டிலிருக்க, நலிந்த அவ்வுடலோடு வியட்நாமுக்கு மீண்டும் ஏன் புறப்பட்டாய், ஐய? நூலகத்தில் இருந்தே எழுதியிருக்கலாகாதா? எழுதியிருப்பாய், ஆனால் அது பிறர் தீட்டிய வரைபடமாய் இருந்திருக்கும்.

ஹுவேக்கும் குவாங் திரிக்கும் இடையே, கடலோர மணற்குன்றும் சதுப்பும் சிற்றூர்களும் சூழ்ந்த முதலாம் நெடுஞ்சாலைக்குப் பிரெஞ்சு வீரர் இட்ட பெயர் மகிழ்விலாத் தெரு. 1953 ஜூலை இறுதியில் அங்கே ஒரு பெரும்படை வியட்மின்னின் 95ஆம் ரெஜிமென்டை வளைத்தது. வளைத்த வலைக்குள் மிஞ்சியது மணல், மீன் நழுவியது. அதை எழுதி, அப்பெயரையே நின் நூலுக்கும் இட்டாய். 1967 பிப்ரவரி 21 அன்று, அடுத்த போரில் இறங்கிய அமெரிக்க மரைன்களோடு அத்தெருவிலேயே நடந்தாய். கையில் ஒலிப்பதிவுக் கருவி. கண்டதைக் கண்டவாறே அதற்குச் சொல்லிக்கொண்டு சென்றாய். ஏதோ சரியில்லை என்று ஐயுற்றுச் சொல்லத் தொடங்கிய சொல் பாதியில் அறுந்தது. கண்ணிவெடி நின்னையும், நின்னருகே சென்ற மரைன் படப்பிடிப்பாளர் பைரன் ஹைலண்டையும் கொன்றது. நினக்கு அகவை 40.

அந்தோ, கருவியே! நீ எப்படிப் பிழைத்தாய்? எரியும் இரும்பும் அவன் நெஞ்சை அறிந்தன, நின்னை அறியவில்லையோ? மணலே! படைகள் வந்தன, போயின. யார் அடி பட்டாலும் ஏற்றாய். நின் ஊர்களின் பெயரைப் பிழையின்றி எழுதியவன் அடியை மட்டும் ஏன் பொறுத்தாயல்லை? வெடியைப் புதைத்த கையே! நின் பக்கத்தாரின் சாவையும் எண்ணியவன் அவன் என்று நினக்கு யாரும் சொல்லவில்லையா?

டோரத்தி நின் இறுதி எழுத்துகளையும் அப்பதிவையும் அவ்வாண்டே நூலாக்கினாள். 2006இல் நின் வாழ்வையும் எழுதினாள். வியட்நாமில் போரிட்டுப் பின்னர்ப் படைத்தலைமை ஏற்ற காலின் பவல், அதிபர் கென்னடியோ ஜான்சனோ ஒரு வார இறுதியில் மகிழ்விலாத் தெருவைப் படித்திருந்தால், திங்கட்கிழமையே அப்போரைவிட்டு வெளியேற வழி தேடியிருப்பர் என்று தன்வரலாற்றில் வருந்தினார். அந்நூல் 1961இலேயே வெளிவந்தது, ஐய. எழுதிய நீயும் அவர்கள் இருந்த ஊரில்தான் குடியிருந்தாய்.