பல்செட்டும் பத்து நிமிஷமும்

என் வயதுக்காரர்கள் பலர் தினமும் செய்து, யாரிடமும் பேசாத ஒரு வேலையைப் பற்றி இன்று எழுதுகிறேன். பல்செட் சுத்தம் செய்வது.

மேல்செட் கட்டி ஒன்பது வருஷமாகிறது. பேரப்பிள்ளைகள் என் பொக்கை வாயைப் பார்த்துவிடக் கூடாதென்று ராத்திரியும் கழற்றாமலே தூங்குவேன். போன தை மாதம் மேலண்ணம் சிவந்து எரிந்தது. டாக்டரம்மா பார்த்துவிட்டு, "கேண்டிடா பூஞ்சை சார். செட்டிலும் ஒட்டியிருக்கும். வாய்க்கு மட்டும் மருந்து போட்டால் போதாது" என்றார்.

மைக்ரோவேவ் அவனில் வைத்தால் பூஞ்சை செத்துவிடும் என்று பேரன் போனில் பார்த்துச் சொன்னான். அது பொய்யில்லை. செட்டைத் தண்ணீரில் முழுக்கி, 650 வாட்டில் 3 நிமிஷம் வைத்து ஆய்வு செய்திருக்கிறார்கள். என் புத்திதான் வேறு கணக்குப் போட்டது. மூன்று நிமிஷத்தில் சாகும் என்றால், பத்து நிமிஷத்தில் வம்சமே அழியுமே! மருமகள் கோயிலுக்குப் போன நேரம் பார்த்து முழுச் சூட்டில் வைத்தேன். தண்ணீர் கொதித்துப் பாதியாக வற்றிவிட்டது.

பார்வைக்குச் செட் அப்படியே இருந்தது. வாயில் வைத்தால் ஆடியது. 'ச' சொன்னால் விசிலடித்தது.

நான்கு நாளில் பேத்தியின் நிச்சயதார்த்தம். லக்ன பத்திரிகையை நான் படிப்பதாக ஏற்பாடு. தொண்டை கட்டிவிட்டது என்று பொய் சொல்லி, தம்பியைப் படிக்க வைத்துவிட்டு, கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பிறகு டாக்டரம்மா விளக்கினார். பல்செட் அக்ரிலிக் பிளாஸ்டிக். செய்யும்போதே அதற்குள் ஒரு இறுக்கம் தங்கிவிடுகிறது. அதிகச் சூட்டில் அது தளர்ந்து வடிவம் மாறும். அண்ணத்துக்கும் செட்டுக்கும் நடுவில் இருக்கும் மெல்லிய எச்சில் படலம்தான் பிடிப்பு. துளி கோணினாலும் பிடிப்பு போய்விடும். வாட், நேரம், தடவை கூடக்கூடச் சேதமும் கூடலாம். கம்பி வைத்த செட்டை அவனில் வைக்கவே கூடாது. உள்ளே மெத்தென்ற லைனிங் இருந்தாலும் டாக்டரைக் கேட்காமல் வைக்கக் கூடாது. கொதிநீரில் போடுவதும் தப்புதான்.

"ராத்திரி கழற்றுங்கள். சோப்பும் மெல்லிய பிரஷும் போட்டுத் தேய்த்து, பச்சைத் தண்ணீரில் போட்டு வையுங்கள். பேஸ்ட் வேண்டாம். கீறல் விழும், அதில் பூஞ்சை குடியேறும்" என்றார். அண்ணம் ஆறிய பிறகே புதுச் செட்டுக்கு அளவெடுத்தார். அந்த வகையில் நல்ல செலவு.

விஷயம் தெரிந்ததும் பேத்தி சிரிக்கவில்லை. "தாத்தா, பொக்கை வாயோடு படிச்சிருந்தாலும் எனக்கு உங்க குரல்தானே வேணும்?" என்றாள்.

இப்போதெல்லாம் ராத்திரி எல்லோருக்கும் முன்னாலேயே கழற்றிக் கிண்ணத்தில் போடுகிறேன். முதல் நாள் கூச்சமாக இருந்தது. மறுநாள் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.