கைவேலை எதுவரை?

போர்வை வாங்க எம். புதுப்பட்டிக்கு யாரும் வருவதில்லை. சிவகாசிப் பக்கத்து ஊர் என்றாலே பயர் ஆபீஸ், தீப்பெட்டி ஆபீஸ், அச்சாபீஸ் என்றுதான் பேச்சு போகும். ஆனால் இந்த வட்டாரத்துத் தெருக்களில் தையல் கடைகளுக்குக் குறைவில்லை. ஜாக்கெட் வெட்டியதுபோக மிஞ்சும் துண்டுகள் அங்கே கால்மிதியாகின்றன, தலையணை உறையாகின்றன, கைக்குழந்தைக்கு விரிக்கும் ஒட்டுத்துணிப் போர்வையும் ஆகின்றன. அந்தப் போர்வையின் நடுக்கட்டத்தில் கம்ப்யூட்டர் எம்பிராய்டரியில் ஒரு மயிலோ தாமரையோ வந்து உட்கார்ந்துவிட்டால் போதும், வழக்கு கிளம்பிவிடும்: இது கைவேலையா, மெஷின் வேலையா? ஒட்டுப்போர்வை தைக்கிறவர்கள் உலகமெங்கும் போடுகிற சண்டைதான் இது. இந்தக் கேள்வியைக் கேட்கிற விதமே தப்பு என்பது என் எண்ணம். பொருளை மொத்தமாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கையா மெஷினா என்று கேட்டால் பதில் வராது. அதற்குள் இருக்கிற வேலைகளைத் தனித்தனியே பிரித்துக் கேட்டால் வரும். தையல்காரர்களுக்கு இந்தப் பாடத்தைச் சொல்லிக்கொடுக்கத் தகுதியுள்ளவர்கள் இதே மண்ணின் தீப்பெட்டிக்காரர்கள்.

முதலில் வேலையைக் கிட்டத்தில் பார்த்துவிடலாம். கொக்கி ஊசியால் போடும் கைப்பூவேலையான ஆரியின் சட்டத்தில் துணி முரசுத் தோல்போல விறைத்து நிற்கிறது. வலது கை மேலிருந்து கொக்கி ஊசியை இறக்குகிறது. துணிக்கு அடியில் நூலோடு காத்திருக்கும் இடது கை அதைக் கொக்கியில் மாட்டிவிடுகிறது. ஊசி மேலே வரும்போது ஒரு கண்ணி எழும்புகிறது, அடுத்த குத்து அந்தக் கண்ணிக்குள்ளேயே இறங்குகிறது. மேலே சங்கிலி, அடியில் வெறும் கோடு. கம்ப்யூட்டர் மெஷினில் நடப்பது வேறு. மேல்நூலும் பாபின் நூலும் ஒன்றையொன்று கவ்விப் பூட்டிக்கொள்கின்றன. துணியைத் திருப்பினால் பெரும்பாலும் வெள்ளை பாபின் நூல் தெரியும். சுருங்காமலிருக்க வைத்த பேப்பரோ கேன்வாஸோ கிழித்தெடுத்ததுபோக ஓரங்களில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஆகவே ஒரு துண்டுத் துணியில் கைவேலையையும் மெஷின் வேலையையும் பிரித்தறிய நிபுணர் வேண்டியதில்லை, திருப்பிப் பார்க்கத் தெரிந்தால் போதும். போர்வையில் சிக்கலே அங்கேதான். மேல்துணி, நடுவே பஞ்சு, கீழே அடித்துணி என்று மூன்றையும் சேர்த்துத் தைப்பதுதான் அதன் கட்டுமானம். பூவேலை பெரும்பாலும் மேல்துணியில் முதலிலேயே முடிந்துவிடுகிறது. அதன்மேல் பஞ்சு வைத்து மூடியதும் சாட்சியும் உள்ளே போய்விடுகிறது. பிறகு தைத்தவர் வாக்குத்தான் ஆதாரம்.

மெஷினை மறுப்பவர்கள் சொல்வதில் ஒன்றை நான் முழுதாக ஒப்புக்கொள்கிறேன். நெருக்கமாக நிரப்பிய மெஷின் பூ போர்வையைக் கெடுக்கும். அரை மில்லிமீட்டருக்கும் குறைந்த இடைவெளியில் வரிவரியாக நூல் ஓடும்போது அந்த இடம் அட்டைபோல் ஆகிவிடுகிறது. போர்வை உடம்போடு மடங்க வேண்டும். துணிப்பையில் சரியாக இருக்கும் அதே பூ போர்வையில் உறுத்தும், துவைக்கத் துவைக்கச் சுற்றியுள்ள துணி சுருங்கும். ஆனால் இதற்குக் காரணம் மெஷின் அன்று, டிசைனைக் கோப்பாக்கும்போது இடைவெளியைத் தீர்மானித்தவர். விவரம் தெரிந்தவர் அதே பூவை வெளிக்கோடாக மட்டும் ஓடவிடுவார். எந்த நிறம் முதலில், எந்தத் திசையில் தையல், எங்கே நூல் அறுபடும் என்பதெல்லாம் மனித மூளை போடும் கணக்கு. பொத்தானை அமுக்கினால் வந்துவிடும் என்று சொல்கிறவர்கள் ஒற்றை ஊசி மெஷினில் நிறத்துக்கு நிறம் நூல் மாற்றிக் கோத்துக்கொண்டு உட்கார்ந்து பார்க்கட்டும்.

‘பாரம்பரியம் போகிறது’ என்ற இன்னொரு வாதம் எனக்கு ஏற்புடையதல்ல. இன்று தெற்கத்தி ஊர்களில் கல்யாண ஜாக்கெட்டுகளில் மின்னும் ஆரி, நம் பாட்டிமார் விட்டுச்சென்ற வேலை ஒன்றுமில்லை. அந்தக் கொக்கி ஊசி குஜராத், கட்ச் பக்கத்து மோச்சிகளுடையது. செருப்புத் தைப்பவர்களின் குத்தூசி துணிக்கு மாறி, அரண்மனைகளுக்குப் போய், மிகச் சமீபத்தில் நம்மூர்த் தையல் கடைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அதே கொக்கியின் அசைவைத்தான் 1865-இல் பிரான்சின் பொன்னாஸ் இயந்திரத்தில் பூட்டினார். கோர்னெலி மெஷின் என்று பிறகு பெயர்பெற்றது அதுதான். பூத்தையலுக்கு இயந்திரம் செய்யும் முயற்சி அதற்கும் முந்தியது, 1828-இலேயே அதே நாட்டின் மூலூஸ் நகரில் ஹைல்மான் என்பவர் ஒன்றைச் செய்திருந்தார். கையும் இயந்திரமும் ஒன்றையொன்று பார்த்துக் காப்பியடித்து இருநூறு வருஷம் ஆகப்போகிறது.

ஒட்டுப்போர்வைக்காரர்கள் இந்தச் சண்டையை ஒரு மேடையிலேயே போட்டார்கள். அமெரிக்காவின் கென்டக்கி மாநிலம் படூகா நகரில் நடக்கும் போர்வைக் கண்காட்சியில், 1989-இல் கேரில் பிரையர் ஃபாலர்ட் என்பவரின் போர்வை முதற்பரிசு பெற்றது. சூரிய கிரகணத்தைக் காட்டும் அந்தப் போர்வையின் மூன்று அடுக்கையும் சேர்க்கும் தையல் மெஷினில் போட்டது. மெஷின் தையலுக்கு அங்கே தலைப்பரிசு கிடைத்தது அதுவே முதல் முறை. மனத்தாங்கல் நிறைய எழுந்தது. காலப்போக்கில் கைத்தையல் நேர்த்திக்குத் தனிப் பரிசு, மெஷின் தையல் நேர்த்திக்குத் தனிப் பரிசு என்று போட்டிகள் பிரிந்தன. எது உயர்ந்தது என்ற கேள்விக்கு அவர்கள் தீர்ப்பெழுதவில்லை. எது எது என்று எழுதிவைத்தார்கள்.

நம் தீப்பெட்டிக்கு வருவோம். 1922-இல் சிவகாசியின் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழில் கற்றுவந்தது எல்லோருக்கும் தெரிந்த கதை. அடுத்த வருஷமே ஸ்வீடன் முதலீட்டில் விம்கோ நிறுவனம் பெரிய இயந்திரங்களோடு இந்தியாவில் இறங்கியது. அன்று முதல் கைத்தீப்பெட்டி பிழைத்ததில் வரிச் சலுகைக்குப் பெரும்பங்கு உண்டு. சலுகை கொடுக்க வேண்டுமானால் கைத்தீப்பெட்டி எது என்று சட்டம் சொல்லியாக வேண்டும். 2017-இல் ஜிஎஸ்டி வந்தபோது கைத்தீப்பெட்டிக்கு 5 சதவீதம், மற்றதற்கு 18. அதற்கான விளக்கத்தில் ஐந்து வேலைகளைப் பெயர் சொல்லி அடுக்கியிருந்தார்கள்: கட்டையில் குச்சி அடுக்குவது, மருந்தில் முக்குவது, பெட்டியில் குச்சி அடைப்பது, லேபிள் ஒட்டுவது, பண்டல் கட்டுவது. இவற்றில் எதுவும் வழக்கமாக மின்சக்தியின் துணையோடு நடக்கக் கூடாது. கைவேலையின் மகிமை பற்றி ஒரு வரி கிடையாது. எனக்கு இந்த வறட்டுப் பட்டியல் மிகவும் பிடித்திருக்கிறது. போர்வைக்கும் இப்படி ஒன்று எழுதி, விற்கும்போது சீட்டாக இணைக்கலாம்: துண்டு வெட்டுவது, துண்டுகளை இணைப்பது, பூவேலை, மூன்றடுக்கைச் சேர்க்கும் தையல், ஓரம் மடித்தடிப்பது. சிங்கர் மெஷினில் துண்டுகளை இணைத்துவிட்டு, பூவேலை கையால் போட்டதால் முழுப் போர்வையையும் கைவேலை என்று விற்பவரும், மெஷின் பூவைக் காரணம் காட்டி, மூன்றடுக்கையும் கையால் தைத்த ஒருத்தியின் உழைப்பைத் தள்ளிவிடுபவரும் இந்தப் பட்டியலின் முன் பேச்சை மாற்ற வேண்டிவரும்.

அந்தப் பட்டியல்தான் நிலைக்கவில்லையே என்று கேட்கலாம். உண்மை, 2020 ஏப்ரலில் இரண்டுக்கும் ஒரே 12 சதவீதம் ஆக்கிவிட்டார்கள். ஐந்தில் ஒன்றுக்கு மோட்டார் வைத்துவிட்டால் அது கையா மெஷினா என்ற தகராறுக்குச் சட்டம் இடம் வைத்திருந்தது, ஏனென்றால் ஐந்தையும் பிரித்துக் காட்டிவிட்டு, வரி போடும்போது மறுபடி ஒரே மூட்டையாகக் கட்டியது. போர்வைச் சீட்டில் அந்த நெருக்கடி இல்லை. ஐந்தில் மூன்று கை, இரண்டு மெஷின் என்று அப்படியே எழுதலாம், விலையும் அதற்கேற்பப் போகும். பெயருக்குச் சட்டக் காப்பு மட்டும் போதாது என்பதற்கு நீலகிரியில் சான்று இருக்கிறது. வெள்ளைத் துணியில் இழைகளை எண்ணி எண்ணிச் சிவப்பும் கறுப்புமாகத் தைக்கும் தோடர் பூத்தையலுக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன் பிறகும் மெஷின் நகல்கள் தோடர் வேலை என்ற பெயரிலேயே விலைபோகின்றன. அங்கே தோடர் பெண்ணுக்கு நஷ்டம் செய்வது மெஷின் அன்று, பெயர்த் திருட்டு.

கடைசியாக மிஞ்சுவது கனமான மறுப்பு: மெஷின் கைத்தொழிலாளியின் வாயில் மண்ணைப் போடும். இந்த வட்டாரத்தில் இதைச் சொல்லும்போது நிதானம் வேண்டும். இங்கே பெண்களின் விரல்கள் வெறும் ஊசிக்கு மட்டும் பழகியவையல்ல. சரவெடி பின்னுவது நுணுக்கமான கைவேலைதான். 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் சரவெடிக்குத் தடை போட்டபோது அந்தப் பின்னல் வேலையை நிறுத்தியது எந்த இயந்திரமும் அல்ல. 2023 அக்டோபர் 17 அன்று ரெங்கபாளையம் பட்டாசு விபத்தில் 13 பேர் செத்தார்கள், பெண்களே அதிகம். கைவேலை என்பதாலேயே ஒரு வேலை புனிதமாகிவிடாது. வீட்டுத் திண்ணையில் ஓடும் மெஷின் ஒருத்தியை மருந்து அறைக்கு வெளியே வைத்திருக்குமானால், அதை ஆன்மா இல்லாதது என்று தூரத்திலிருந்து இகழ எனக்கு வாய் வராது. ஆனால் அந்த மெஷின் திண்ணைக்கு வருகிறதா என்பதுதான் கேள்வி. அரசின் சத்தியவாணி முத்து அம்மையார் நினைவுத் திட்டத்தில் கிடைப்பது சாதாரணத் தையல் மெஷின். பல தலை கொண்ட எம்பிராய்டரி மெஷின் முதல் போட முடிந்தவரின் கொட்டகைக்குத்தான் போகிறது, அங்கே பெண்ணுக்கு வாய்ப்பது பீஸ் கணக்கில் பிசிறு நூல் வெட்டும் வேலை. டிசைன் கோப்பும் முதலாளியின் பென்டிரைவில் இருக்கும். எதிர்ப்பதானால் இதை எதிர்க்கலாம்.

வாங்குகிறவர் விலையைத்தான் பார்ப்பார், சீட்டை யார் படிக்கப்போகிறார்கள் என்பார்கள். எல்லோரும் படிக்க வேண்டியதில்லை. கைவேலைக்கென்று கூடுதல் காசு கொடுக்க வருகிறவர் படித்தால் போதும், ஏமாறுவதும் அவர்தானே. பஞ்சு வைத்து மூடுவதற்கு முன் மேல்துணியின் பின்பக்கத்தைக் கைபேசியில் ஒரு படம் எடுத்து, ஆர்டர் கொடுத்தவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடலாம். இதற்கு அரசாணையோ முத்திரையோ தேவையில்லை.