துறைமுக குமாஸ்தாவும் டாக்சி நம்பரும்

காலடிப்பேட்டையில் பஸ் ஏறி ராயபுரம் தாண்டினால் துறைமுகம். அங்கேதான் 1912-ல் மாதம் 30 ரூபாய் சம்பளத்துக்கு ராமானுஜன் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். கணக்கு என்றாலே வயிற்றைக் கலக்குகிறது என்பவர்களுக்கு நான் அவருடைய 1729-ஐத்தான் சொல்வேன்.

பிற்பாடு லண்டன் புட்னியில் அவர் நோயாளியாகப் படுத்திருந்தபோது, கேம்பிரிட்ஜ் கணித மேதை ஹார்டி டாக்சியில் பார்க்க வந்தார். வண்டி நம்பர் 1729. சுவாரசியமே இல்லாத எண் என்றார். ராமானுஜன் விடவில்லை. இரண்டு கனங்களின் கூட்டலாக இரண்டு விதத்தில் எழுதக்கூடிய எண்களில் இதுதான் மிகச் சிறியது என்றார்.

12×12×12 என்றால் 1728, அதோடு 1. இல்லையா, 9×9×9 என்றால் 729. அதோடு 10-ன் கனம் 1000. இரண்டும் 1729!

இன்னொரு வேடிக்கை. 1729-ன் இலக்கங்களைக் கூட்டினால் 19. திருப்பிப் போட்டால் 91. இரண்டையும் பெருக்குங்கள்: மறுபடியும் 1729! பேரப்பிள்ளைகளிடம் போட்டுக் காட்டுங்கள், சிரிப்பார்கள்.

1920-ல், 32 வயதிலேயே அவர் போய்விட்டார். அந்த நோயிலும் வண்டி நம்பரில் அழகைப் பார்த்த மனசு! நமக்கும் ஆஸ்பத்திரியில் டோக்கன் நம்பர் கொடுக்கிறார்களே, அதில் ஆரம்பிக்கலாம்.