நிலையைத் தாண்டாத குலுக்கை

ஆடி 4

திருச்சுழியை விட்டு அருப்புக்கோட்டைக்குக் குடிபோவதென்று சென்ற வாரம் தீர்மானமாயிற்று. தூரம் என்று பார்த்தால் 15 கிலோமீட்டருக்குச் சற்று மேலிருக்கும். பஸ்ஸில் ஏறினால் அரைமணி நேரப் பிரயாணம். சந்தைக்கும் வைத்தியத்துக்கும் கல்யாணத்துக்குத் துணியெடுக்கவும் ஆயுள் முழுவதும் போய்வந்த ஊர்தான். ஆயினும், காலையில் போய் மாலையில் திரும்புகிற ஊருக்கும், இனித் திரும்புவதில்லை என்று சட்டிபானைகளைக் கட்டிக்கொண்டு போகிற ஊருக்கும் உள்ள வித்தியாசம், பரணிலிருந்து முதல் சாமானை இறக்கித் தரையில் வைத்த அந்தக் கணத்தில்தான் எனக்கு விளங்கிற்று.

மகன் அங்கே நூற்பாலையில் கணக்கு எழுதுகிறான். என் மனைவிக்கு முழங்கால் வலி முற்றிவிட்டது. கிணற்றடிப் படிகளில் அவள் இறங்கி ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை. ஆடியில் குடி பெயர்வது நம் பக்கத்து வழக்கமன்று. ஆவணி முதல் முகூர்த்தத்தில் புது வீட்டில் பால் காய்ச்சுவதென்று நாள் குறித்தாயிற்று. ஆகவே சாமான் கட்டுவதற்கு இந்த மாதம் முழுவதும் கிடைத்திருக்கிறது.

ஆடி 9

காற்று ஓயவில்லை. நாட்டு ஓட்டின் இடுக்குகளில் கரிசல் புழுதி புகுந்து, காலையில் துடைத்துக் கட்டிய பெட்டியின்மேல் மாலைக்குள் விரலால் பெயரெழுதலாம்போலப் படிந்துவிடுகிறது. ஊறுகாய் ஜாடிகளைப் பழைய வேட்டிக் கிழிசலில் சுற்றி, பனையோலைக் கடகங்களில் வைக்கோல் பரப்பி, ஒன்றோடொன்று இடிக்காதபடி அடுக்கினோம்.

டிரங்குப் பெட்டியில் வீட்டுத் தீர்வை ரசீதுகள் அப்பா காலத்திலிருந்து நூலில் கோத்தபடி இருந்தன. ஒவ்வொன்றாகப் புரட்டினேன். முதலில் எல்லாம் இராமநாதபுரம் ஜில்லா. 1985-க்குப் பிற்பட்டவற்றில் காமராஜர் மாவட்டம். 1997-க்குப் பிறகு விருதுநகர் மாவட்டம். வீடு இம்மியும் அசையாமல் இருந்த இடத்திலேயே இருக்க, அதன் விலாசம் மட்டும் இருமுறை குடி மாறியிருக்கிறது. இப்போது விலாசம் நிலைத்துவிட்டது, நாங்கள் புறப்படுகிறோம்.

ஆடி 14

மருமகள் வந்து ஒருநாள் தங்கி ஒத்தாசை செய்தாள். எடுத்துப் போகவேண்டியவை, கொடுத்துவிடவேண்டியவை என்று இரண்டு குவியல் ஆக்கினாள். பித்தளை அண்டா இரண்டையும், ஏழு குடங்களையும், கொப்பரையையும் கொடுத்துவிடவேண்டிய குவியலில்தான் வைப்பாள் என்று நான் எதிர்பார்த்தேன். பட்டணத்து வீட்டில் இவற்றுக்கு இடமேது என்பது என் எண்ணம். அவளோ முதலில் அவற்றைத்தான் தேடியெடுத்தாள்.

“மாமா, அங்கே குழாயில் தண்ணீர் என்றைக்கு வரும் என்று நமக்குத் தெரியாது. வருகிற அன்றைக்குப் பிடித்து வைத்தால்தான் உண்டு. அண்டா ஒன்றுகூட விடக் கூடாது” என்றாள்.

எத்தனையோ கல் தொலைவிலிருந்து தாமிரபரணி நீரைக் குழாய்போட்டுக் கொண்டுவந்து குடிக்கிற ஊர் அருப்புக்கோட்டை. நெசவுத் தறிகளும் நூற்பாலைகளும் மல்லிகைப்பூ வியாபாரமும் பெருகி ஜனங்கள் நிறைந்த அளவுக்கு, மண்ணுக்கடியில் நீர் நிறையவில்லை. ஊருணிக்குக் குடமெடுத்துப் போன காலத்தில் என் தாயார் எந்த அண்டாவை நிரப்பினாளோ, அதே அண்டாவைக் குழாயடியில் என் மருமகள் நிரப்பப்போகிறாள். தானியம் சேமிக்கிற பாத்திரங்களுக்குத்தான் புது வீட்டில் இடமில்லை. மரக்கால், படி, முறம், திருகை, ஓலைக்கொட்டான்கள், எல்லாம் அடுத்த குவியலுக்குப் போயின. அரிசியை மாதாமாதம் பையில் வாங்குகிறவர்களுக்கு மரக்கால் எதற்கு என்று அவள் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. ஆயினும் மரக்காலை மட்டும் நான் திரும்ப எடுத்து வைத்துக்கொண்டேன்.

ஆடி 18

இன்று பெருக்கு. காவிரிக் கரையில் புதுப்புனல் கண்டு ஜனங்கள் கொண்டாடுகிற தினம். எங்கள் குண்டாற்றிலோ மணல்தான். ஐப்பசி, கார்த்திகை மழை பிறந்தால்தான் அதில் நீரைக் காணலாம், அதுவும் சில நாளைக்கு. கரை நெடுகச் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது. ஆற்றைக் கடந்து போய்த் திருமேனிநாதரையும் துணைமாலையம்மையையும் தரிசித்து, ஊரை விட்டுப் போகிறோம் என்று சொல்லிவிட்டு வந்தோம். சுந்தரர் பாடிய ஸ்தலம். என் மனைவி சந்நிதியில் நெடுநேரம் நின்றாள். என்ன வேண்டினாள் என்று நான் கேட்கவில்லை.

ஆடி 25

கட்டியது போதுமென்று மாலையில் சுந்தர மந்திரம் வரை நடந்தேன். வக்கீல் சுந்தரமையர் வாழ்ந்த வீடு. ஒரு பகுதியைத் தம் குடும்பத்துக்கும் மற்றொரு பகுதியை வருகிற விருந்தாளிகளுக்கும் என்று வைத்திருந்தாராம். அவர் மகன் வேங்கடராமன், பிற்காலத்து ரமண மகரிஷி, 1879 டிசம்பர் 30 அன்று, ஆருத்ரா தரிசன வேளையில் பிறந்த வீடும் அதுவே. உலகத்தின் எத்தனையோ மூலைகளிலிருந்து ஜனங்கள் அந்த அறையைப் பார்க்க வருகிறார்கள். கோவிலுக்குப் போகிற வழியில் ஆயுள் முழுவதும் அதைக் கடந்த எனக்கு, அது ஒரு குடும்பம் சாமான் கட்டிய வீடு என்ற எண்ணம் இன்றைக்குத்தான் உண்டாயிற்று.

1892 பிப்ரவரியில் சுந்தரமையர் காலமானார். அவர் மனைவி அழகம்மையும் இளைய குழந்தைகள் இருவரும் சிறிய தகப்பனாரோடு மானாமதுரைக்குப் போனார்கள். மூத்தவர் நாகசாமியும் பன்னிரண்டு வயது வேங்கடராமனும் மற்றொரு சிறிய தகப்பனாரோடு மதுரைக்குப் போனார்கள். விருந்தாளிகளுக்கென்று இடம் விட்டுக் கட்டிய வீட்டில் சொந்த ஜனங்களே இருக்க முடியாமற்போயிற்று. ஒரு வீட்டுச் சாமானை இரண்டு ஊருக்கென்று பிரித்துக் கட்டுவது எப்படிப்பட்ட வேலை என்று, இரண்டு குவியலுக்கு நடுவே பத்து நாளாக உட்கார்ந்திருக்கிற எனக்குக் கொஞ்சம் தெரியும். எந்தப் பாத்திரம் எந்த ஊருக்கு என்று அந்த அம்மாள் யோசித்திருப்பாள் அல்லவா? அதைப் பற்றி எந்தச் சரித்திரமும் பேசவில்லை. நான்கு ஆண்டு கழித்து, 1896 ஆகஸ்ட் 29 அன்று, அந்தப் பிள்ளை மதுரை வீட்டிலிருந்து மூன்று ரூபாயோடும், ஒரு சீட்டெழுதி வைத்துவிட்டும் திருவண்ணாமலைக்குப் புறப்பட்டதைத்தான் எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். அதுவும் ஆவணி மாதம்தான். அவர் மூட்டை எதுவும் கட்டவில்லை. தாயாரோ இரண்டு வீடு கலைந்ததைப் பார்த்தாள். எனக்கு இன்று மகனைக் காட்டிலும் அந்தத் தாயாரையே அதிகம் நினைக்கத் தோன்றுகிறது.

ஆடி 31

கடைசியாகத் தானியக் குலுக்கை. உள்ளறை மூலையில் என் தலை உயரத்துக்கு நிற்கிறது. என் அப்பத்தா கண்மாய்க் களிமண்ணில் வரகு வைக்கோலை மிதித்துப் பிசைந்து, ஒரு உறை காய்ந்தபின் அதன்மேல் அடுத்த உறையாக ஏற்றி ஏற்றி, அறைக்குள்ளேயே கட்டியது. நிலையின் அகலத்தைவிட அதன் வயிறு பெரிது. முழுசாக வெளியேற்ற வழியே இல்லை. விளக்கைக் கிட்டத்தில் கொண்டுபோனால், மண்ணை இழுத்து வழித்த நான்கு விரல்களின் தடம் சரிவாக மேலேறுவது தெரிகிறது. சுண்டுவிரல் தடம் மட்டும் பாதியில் நின்றுவிடும். அரிவாள் பட்டு நுனி போன விரல் அது. அப்பத்தாவுக்குப் புகைப்படம் கிடையாது. என் விரல்களை அந்தத் தடத்தில் வைத்துப் பார்த்தேன். என் கை பெரிது, பொருந்தவில்லை.

மழை பொய்த்த வருஷங்களில் இந்த வீடு பசியில்லாமல் இருந்ததற்கு இதுவே காரணம். அடியிலுள்ள துவாரத்தில் அடைத்த துணியை உருவி, அன்றைக்கு வேண்டியதை மட்டும் முறத்தில் ஏந்திக்கொண்டு மறுபடி அடைத்துவிடுவாள். மேல்வாயைத் திறந்து அள்ளுவதற்கு எங்களுக்கு அனுமதி இல்லை. எவ்வளவு மிச்சமிருக்கிறதென்று குழந்தைகள் கண்ணால் பார்க்கக் கூடாது என்பது அவள் விதி. குறைந்திருப்பதைக் கண்டால் பயந்துவிடுவோம் என்று நினைத்தாளோ, என்னவோ.

வீட்டை வாங்கியவரிடம் இதை இருக்கவிடும்படி நேற்றுக் கேட்டேன். அந்த மூலையில் கட்டில் போடவேண்டும் என்றார், வருத்தத்தோடுதான் சொன்னார். அவர்மேல் குறையில்லை, அவர் குடும்பத்துக்கும் படுக்க இடம் வேண்டும்.

ஆவணி 3

விடிந்தால் லாரி வந்துவிடும். உப்பு, மஞ்சள், நிறைகுடம், குத்துவிளக்கு நான்கையும் தனியாக வைத்தாயிற்று. அவை எங்களுக்கு முன்பாகப் புது வீட்டுக்குள் போகவேண்டியவை. பழைய துடைப்பத்தை இங்கேயே விட்டுவிடுகிறோம்.

குலுக்கையில் வேப்பிலையோடு கிடந்த குதிரைவாலியை வடித்தோம். மரக்காலால் அளந்தால் நாலரை இருந்தது. பக்கத்து வீட்டுத் தம்பி புரட்டாசியில் விதைக்கிறேன் என்று வாங்கிக்கொண்டான். முறத்தில் ஒட்டிக்கிடந்ததை என் மனைவி ஒரு கைப்பிடியாகக் கூட்டி எடுத்தாள். அதையும் கொடுத்துவிடப் போகிறாள் என்று பார்த்தேன். “வெறுங்குலுக்கையாக விட்டுப் போகக் கூடாது” என்று சொல்லி, வலியோடு முக்காலியில் ஏறி, மேல்வாய்வழியே அதை உள்ளே போட்டாள். மணி விழுகிற சத்தம் அடிவரை கேட்டது. பிறகு இறங்கி, அடித்துவாரத்தில் துணியைச் சுருட்டி அடைத்தாள்.