பதினோரு சுற்று

இந்தப் பக்கம் வந்து இரண்டு மாதம் ஆகிவிட்டது. செமஸ்டர், அசைன்மெண்ட், அப்புறம் சோம்பேறித்தனம். மூன்றாவதுதான் உண்மையான காரணம் :-) போன தடவை ஜிஎஸ்டி பற்றி எழுதியதைப் படித்துவிட்டு வகுப்புத் தோழி ஒருத்தி, "பரீட்சையில கூட இவ்வளவு எழுத மாட்டியேடி" என்றாள். அதனால் இந்த முறை காமர்ஸ் கிடையாது. கொஞ்சம் தலைகாட்டினால் மன்னிக்கவும், பழக்கதோஷம்.

விஷயம் என் பெரியம்மாவைப் பற்றியது. பெயர் போடவில்லை. போட்டால் வீட்டுக்குள் விடமாட்டார்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் பெரியம்மாவுக்கு இடது மார்பில் புற்றுநோய் என்று தெரிந்தது. ஆபரேஷன், கீமோ, ரேடியேஷன் எல்லாம் ஆயிற்று. அக்குளில் இருந்த நிணநீர் முடிச்சுகளையும் எடுத்துவிட்டார்கள். எங்கள் வீட்டில் இன்றுவரை யாரும் 'கேன்சர்' என்ற வார்த்தையைச் சொல்வதில்லை. 'அந்தக் கட்டி' என்போம். செம்பட்டியில் பாதிப் பேருக்கு, பெரியம்மாவுக்குக் கர்ப்பப்பையில் ஏதோ ஆபரேஷன் என்று இப்போதும் நினைப்பு. அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறோம்.

செக்கப்புக்குப் போனபோது டாக்டர், "நல்லா இருக்கீங்கம்மா, இனிமே டெய்லி எக்சர்சைஸ் பண்ணணும்" என்று சொல்லி ஒரு தாளைக் கொடுத்தார். முழுக்க ஆங்கிலம். அரைக்கால் சட்டை போட்ட ஓர் ஆள் டிரெட்மில்லில் ஓடுகிறான். அடுத்த படத்தில் ரப்பர் பட்டையை இழுக்கிறான். அதற்கடுத்து, பாய் மாதிரி எதையோ விரித்து அதில் கால் தூக்குகிறான். பஸ்ஸில் திரும்பி வரும்போது பெரியம்மா கேட்டார்.

"என்னடி போட்டிருக்கு?"

"வேகமா நடக்கணுமாம் பெரியம்மா. ரப்பர் பட்டையை இழுக்கணுமாம்."

"இந்தப் பயலைப் போய் இழுக்கச் சொல்லு."

தாள் நாலாக மடிந்து சுருக்குப்பைக்குள் போனது. அடுத்து அதை நான் பார்த்தது அஞ்சறைப்பெட்டிக்கு அடியில்.

அதோடு நானும் மறந்திருப்பேன். ஒரு நாள் எதையோ தேடும்போது, பஞ்சாபி பேசும் புற்றுநோயாளிகளுக்கு அவர்கள் மொழியில், அவர்கள் பழக்கவழக்கத்துக்கு ஏற்ற மாதிரி உடற்பயிற்சி வகுப்பு அமைப்பது பற்றிப் படித்தேன். கனடாவில் ஆங்கிலத்தையும் பிரெஞ்சையும் தள்ளிவிட்டுப் பார்த்தால், அதிகம் பேசப்படும் மொழிகளில் பஞ்சாபியும் ஒன்று. அங்கே போய்க் குடியேறிய ஒரு வயசான சீக்கிய அம்மாவுக்கு ஆங்கிலத்தில் தாளைக் கொடுத்து ஜிம்முக்குப் போ என்றால் எப்படிப் போவார்? நியாயமான கேள்விதான். எனக்கு உறைத்தது வேறு. அவர்கள் கடல் தாண்டிப் போனவர்கள். பெரியம்மா பிறந்தது ஆத்தூர்ப் பக்கம், வாழ்க்கைப்பட்டது செம்பட்டி. சுற்றிலும் தமிழ் பேசும் ஊரில் இருந்துகொண்டே பெரியம்மா கையிலும் அதே மாதிரி ஒரு தாள்தான்.

சரி, உடற்பயிற்சி அவ்வளவு முக்கியமா? நானும் முதலில் இது டாக்டர்கள் வழக்கமாகச் சொல்லும் 'நல்லா சாப்பிடுங்க, கவலைப்படாதீங்க' ரகம் என்றுதான் நினைத்தேன். இல்லை. 2025-ல் ஒரு பெரிய ஆய்வின் முடிவு வெளியானது. பெயர் சேலஞ்ச். பெருங்குடல் புற்றுநோய்க்கு ஆபரேஷனும் கீமோவும் முடித்த 889 பேர், பெரும்பாலும் கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் இருந்தவர்கள். பாதிப் பேருக்கு மூன்று வருஷம் ஒரு பயிற்சியாளர் கூடவே இருந்து உடற்பயிற்சி செய்ய வைத்தார். எட்டு வருஷம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் அந்தப் பக்கம் 90.3 சதவீதம், இந்தப் பக்கம் 83.2 சதவீதம். ஏழு சதவீதம் என்பது சின்ன விஷயமில்லை. சில மருந்துகளே இவ்வளவுதான் கொடுக்கின்றன. இது பெருங்குடலுக்குச் செய்த ஆய்வு, மார்புக்கு அப்படியே பொருத்திப் பார்க்க முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

என்னைத் தூங்கவிடாமல் செய்தது இன்னொரு விவரம். அந்த மற்ற பாதிப் பேருக்கு என்ன கொடுத்தார்கள் தெரியுமா? உடற்பயிற்சி நல்லது, சத்தான உணவு நல்லது என்று அச்சடித்த புத்தகம். அதாவது பெரியம்மாவுக்குக் கிடைத்தது, அந்த ஆய்வில் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வைத்திருந்தவர்களுக்குக் கிடைத்தது. அதுவும் அவர்களுக்குப் புரிகிற மொழியில் கிடைத்திருக்கும்.

முதலில் நடையை எடுத்துக்கொண்டேன். "காலையில அரை மணி நேரம் நடங்க பெரியம்மா" என்று சொல்வது சுலபம். செம்பட்டியில் ஐம்பத்தி நாலு வயசுப் பொம்பளை வத்தலக்குண்டு ரோட்டில் கையை வீசிக்கொண்டு நடந்தால் பத்தடிக்கு ஒருவர் கேட்பார், "எங்கக்கா கெளம்பிட்டீங்க?" அதற்கு ஒரு பதில் வேண்டும். தோட்டத்துக்கு, பால் ஊற்ற, ரேஷன் கடைக்கு, எதுவாக இருந்தாலும் சரி. "சும்மா நடக்குறேன்" என்பது எங்கள் ஊரில் பதிலே இல்லை. சும்மா நடக்கிற பொம்பளைக்கு வீட்டில் வேலை இல்லை என்று அர்த்தம், இல்லையென்றால் உடம்புக்கு ஏதோ பெரிசாக என்று அர்த்தம். இரண்டாவதைத்தானே மறைத்து வைத்திருக்கிறோம்? போதாததற்கு கீமோவில் கொட்டிய முடி அப்போதுதான் அரை விரல் அளவு முளைத்திருந்தது. முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு போனால் அதற்கும் ஒரு கேள்வி வரும்.

இத்தனைக்கும் இது நடக்கத் தெரியாத ஊர் இல்லை. தை மாசம் எங்கள் ரோட்டைப் பார்க்க வேண்டும். பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் ராத்திரி பகலாகப் போய்க்கொண்டே இருப்பார்கள். பெரியம்மாவே நாலைந்து தடவை நடந்து போனவர்தான். முருகனுக்காகக் கொப்புளம் வெடிக்க நடக்கலாம். தனக்காக அரை மணி நேரம் நடந்தால்தான் கூச்சம்.

வழி கண்டுபிடித்தது நான் இல்லை, அம்மா. தெருக்கோடிப் பிள்ளையார் கோயில். அதையும் பக்கத்துக் களத்தையும் சேர்த்துச் சுற்றினால் ஒரு சுற்றுக்கு இரண்டு நிமிஷம். "பதினோரு சுத்து வேண்டிக்கிட்டிருக்கேன்னு சொல்லிருக்கா. யார் கேப்பா?" யாரும் கேட்கவில்லை. முதல் வாரம் மூன்று சுற்றிலேயே மூச்சு வாங்கியது. இரண்டு மாசத்தில் பதினொன்று வந்துவிட்டது. கணக்குப் பார்த்தால் இருபத்திரண்டு நிமிஷம். 2019-ல் பல நாட்டு நிபுணர்கள் சேர்ந்து சொன்னது வாரம் மூன்று நாள், நாளுக்கு முப்பது நிமிஷம், மிதமான வேகம், அதோடு வாரம் இரண்டு நாள் தசைக்கு வலுக்கொடுக்கும் பயிற்சி. மிதமான வேகம் என்றால் பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. பெரியம்மா பாடுவதில்லை. ஆனால் பதினோரு சுற்றும் என்னிடம் ஊர்க்கதை பேசிக்கொண்டே வருவார் :-)

கைதான் பெரிய தலைவலி. முடிச்சுகளை எடுத்த பக்கத்துக் கையில் நிணநீர் தேங்கி வீங்க வாய்ப்பு உண்டு. பெரியம்மாவுக்கும் லேசாக வீங்கியது. உடனே சொந்தக்காரர்கள் எல்லோரும் டாக்டர் ஆகிவிட்டார்கள். "அந்தக் கையில செம்பு தண்ணி கூடத் தூக்காத." பெரியம்மாவும் கையை மடியில் வைத்துக் குழந்தை மாதிரிப் பார்த்துக்கொண்டார். தோள் இறுகிப்போய், ரவிக்கை மாட்டவே அம்மா வர வேண்டியதாயிற்று.

வெளிநாட்டிலும் முன்பு இதே அறிவுரைதான் சொல்லி வந்திருக்கிறார்கள். 2009-ல் அமெரிக்காவில் கை வீங்கிய 141 பெண்களை வைத்துச் சோதித்தார்கள். ஒரு பாதிக்கு அழுத்த உறை மாட்டி, மேற்பார்வையில், மிகக் குறைந்த எடையில் ஆரம்பித்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி எடை தூக்க வைத்தார்கள். வீக்கம் அதிகமாகவில்லை. வீக்கம் திடீரென்று மோசமாவது அவர்களிடம் 14 சதவீதம், தூக்காதவர்களிடம் 29. தசை சுருங்கி விரியும்போது நிணநீரை மேலே தள்ளிவிடும். அசையாமல் வைத்தால் தேங்கத்தானே செய்யும்? இதைப் படித்துவிட்டு யாரும் நாளைக்கே அம்மாவிடம் தண்ணீர்க் குடத்தைக் கொடுத்துவிடாதீர்கள். டாக்டரையோ பிசியோதெரபிஸ்ட்டையோ கேட்காமல் செய்யக் கூடாது. எலும்புக்குப் பரவியவர்களுக்கும் ரத்த அணுக்கள் குறைந்தவர்களுக்கும் கணக்கே வேறு.

எங்களுக்கு பிசியோதெரபிஸ்ட் கிடைத்தது தற்செயலாக. 2021-ல் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கினார்கள் இல்லையா, அதில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தருவதும் உண்டு. எங்கள் தெருவில் பக்கவாதம் வந்த தாத்தா ஒருவருக்காக ஓர் அக்கா வந்துகொண்டிருந்தார். அவரைக் கெஞ்சிக் கூட்டி வந்தேன். தாளைப் பார்த்தார், சிரித்தார், ஓரமாக வைத்தார். "அம்மா, இந்தச் சுவத்துல விரலால பல்லி மாதிரி மேல ஏறுங்க." அவ்வளவுதான். பெரியம்மா ஏறினார். எட்டிய இடத்தில் கரிக்கட்டையால் ஒரு கோடு. மறுநாள் அதற்கு ஒரு நூல் மேலே இன்னொன்று. எங்கள் வீட்டுப் பின்சுவர் இப்போது பழைய காலத்துப் பால் கணக்குச் சுவர் மாதிரி இருக்கிறது. ரப்பர் பட்டைக்குப் பதில் அரை லிட்டர் தண்ணீர் பாட்டில். அதையும் அந்த அக்கா பார்த்துச் சரி என்ற பிறகுதான் கையில் எடுத்தார்.

ஒரு தாள் செய்யாததை ஒரு ஆள் செய்தார். எங்கள் மாவட்டத்துக்கு இது புதிதும் இல்லை. 2000 முதல் 2003 வரை திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு ஒரு பரிசோதனை நடந்தது. பயிற்சி பெற்ற செவிலியர்கள் வினிகர் மாதிரியான அசிட்டிக் அமிலத்தைத் தடவிவிட்டு, வெள்ளையாக மாறுகிறதா என்று கண்ணாலேயே பார்ப்பார்கள். லேப் தேவையில்லை. அம்பிளிக்கை மருத்துவமனையும் அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட்டும் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பும் சேர்ந்து செய்தது. முப்பது முதல் ஐம்பத்தொன்பது வயசு வரையுள்ள பெண்களில் 31,343 பேர் வந்து பார்த்துக்கொண்டார்கள். 2007-ல் லான்செட் இதழில் முடிவு வந்தது. பரிசோதனை நடந்த ஊர்களில் அந்தப் புற்றுநோயால் இறப்பது 35 சதவீதம் குறைந்திருந்தது. அம்பிளிக்கை எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்விடும் தூரம். உலகமே மேற்கோள் காட்டும் ஆய்வு இது. பி.காம். மூன்றாம் வருஷம் வரும்வரை எனக்குத் தெரியாது, வெட்கமாகத்தான் இருக்கிறது.

எப்படி வந்தார்கள் அத்தனை பெண்கள்? சேலையை விலக்கிக் காட்ட வேண்டிய பரிசோதனை அது. நோட்டீஸ் ஒட்டியிருந்தால் யார் வந்திருப்பார்கள்? ஆள் போய், பேசி, புரிய வைத்திருக்கிறார்கள். அதையே செய்த மாவட்டத்தில், சிகிச்சை முடிந்தவர்களைக் கூட்டி வைத்து வாரம் இரண்டு நாள் கையைக் காலை ஆட்டவைப்பதா முடியாது? செலவைப் போட்டுப் பாருங்கள் (வந்துவிட்டது காமர்ஸ்): ஒரு பயிற்சியாளர், ஒரு சமுதாயக் கூடம், தண்ணீர் பாட்டில்கள். இன்னொரு ரவுண்டு கீமோவுக்கு ஆகும் செலவுக்கு முன்னால் இதெல்லாம் எந்த மூலைக்கு?

ஒன்றை மட்டும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். பண்பாட்டுக்கு ஏற்ற மாதிரி என்று சொல்லும்போது பண்பாடு ஏதோ நமக்கு உதவி செய்யக் காத்திருப்பது போலத் தோன்றும். எங்கள் வீட்டில் அதுதான் முதல் எதிரி. 'ரெஸ்ட் எடு' என்று பாசத்தோடு படுக்க வைத்தது அதுதான். நோயை மறைக்கச் சொன்னதும் அதுதான். பிள்ளையாரைச் சுற்றுகிறேன் என்று பெரியம்மா சொல்லும்போதெல்லாம் அந்த மறைப்புக்கு நானும் துணை போகிறேன். "நீங்க ஏன் பெரியம்மா உள்ளதைச் சொல்லக் கூடாது?" என்று ஒரு நாள் கேட்டேன். "உனக்குக் கல்யாணம் ஆகட்டும், அப்புறம் சொல்லுறேன்" என்றார். குடும்பத்தில் இந்த வியாதி இருக்கிறது என்றால் எனக்கு மாப்பிள்ளை வரமாட்டானாம். எனக்காகத்தான் மறைக்கிறார் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பதில் பேச வரவில்லை. மீதிச் சுற்றைப் பேசாமலே முடித்தோம்.

போன மாசம் பக்கத்துத் தெரு அம்மா ஒருவர் தானும் வேண்டிக்கொண்டிருப்பதாகச் சொல்லிக் கூடவே சுற்ற ஆரம்பித்தார். நாலாவது நாள், களத்து மூலையில், பெரியம்மாவின் கையைப் பார்த்துக்கொண்டே, "எனக்கும் அதேதான்க்கா. வலது பக்கம்" என்றார். பெரியம்மா நிற்கவில்லை. "நடந்துக்கிட்டே பேசு, மூச்சு வாங்கணும்" என்றார். நான் அன்றிலிருந்து அவர்களுக்குப் பத்தடி பின்னால் வருகிறேன்.

சுற்றுக் கணக்கை ஒரு பழைய லெட்ஜர் நோட்டில் எழுதி வருகிறேன். தேதி, சுற்று, சுவரில் எட்டிய உயரம், கைச் சுற்றளவு. இப்போது இரண்டு பேருக்கும் தனித்தனிக் கணக்கு. நேற்றைய பக்கம் மட்டும் காலி. நான் கல்லூரியிலிருந்து வர லேட்டாகிவிட்டது. ஏன் போகவில்லை என்று கேட்டால் இரண்டு பேரும் ஒரே குரலில் மழை என்கிறார்கள்.

செம்பட்டியில் நேற்று மழையே இல்லை.