நினைவாற்றல் பிறவிச் சொத்தா?

– பன்னிரண்டாம் வகுப்பு மாணவியர்

தேர்வு நெருங்கும்போதெல்லாம் நம் பள்ளி வளாகத்தில் காதில் விழும் பேச்சு ஒன்று உண்டு. "அவளுக்கு ஞாபக சக்தி இருக்கிறது; எனக்கு இல்லை!" நிறத்தையும் உயரத்தையும் போல நினைவாற்றலும் பிறக்கும்போதே அளந்து கொடுக்கப்பட்ட சொத்து என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். பொதுத் தேர்வில் மாநில அளவில் முதலிடம் பெற்றோர் பட்டியலை வெளியிடும் வழக்கத்தைத் தமிழக அரசு 2017-இல் கைவிட்டது. ஆயினும் வீட்டிலும் உறவிலும் அந்தப் பட்டியல் ஒழிந்தபாடில்லை. ஆகவே இந்த எண்ணம் உண்மைதானா என்று ஆராய்ந்து பார்ப்பது நம் கடமை அல்லவா?

நினைவுக் கலை தமிழருக்குப் புதியதன்று. 1907-இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் ஒரே சமயத்தில் நூறு செயல்களில் கவனம் செலுத்திக் காட்டி, 'சதாவதானி' என்று போற்றப்பட்டார் நாஞ்சில் நாட்டுச் செய்குத்தம்பிப் பாவலர். நமக்குச் சற்று நெருங்கிய காலத்தவர், 1957-இல் சென்னையில் பிறந்த ராஜன் மகாதேவன். வட்டத்தின் சுற்றளவை விட்டத்தால் வகுத்தால் வரும் 'பை' என்னும் எண்ணுக்கு முடிவே இல்லை. நாம் 3.14 என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறோம். அவரோ 1981 ஜூலை 5-ஆம் நாள் மங்களூரில் அதன் 31,811 இலக்கங்களை மனப்பாடமாக ஒப்பித்துக் கின்னஸ் புத்தகத்தில் இடம்பெற்றார்!

அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழக உளவியலார் அவரைச் சோதித்து, அவருடைய அடிப்படைத் திறனே பிறரினும் மேலானது என்று கருதினர். ஆண்டர்ஸ் எரிக்சன் என்ற அறிஞர் அதை ஐயுற்றார். எண்களுக்குப் பதிலாக வெறும் குறிகளைக் காட்டித் திருப்பிச் சொல்லச் செய்தார். என்ன விந்தை! எண்களில் மன்னரான அவரால் ஏறத்தாழ ஆறு குறிகளையே சொல்ல முடிந்தது. நம்மைப் போலத்தான்! பிறகு ஒவ்வொரு குறியையும் ஓர் எண்ணாக மாற்றிப் பழகினார், அளவும் கூடியது. 2004-இல் வெளிவந்த அந்த ஆய்வுக் கட்டுரையை எழுதியவர்களுள் ராஜனும் ஒருவர் என்பது நம் மதிப்பை மேலும் உயர்த்துகிறது.

அப்படியானால் எப்படிப் பழகுவது? இதற்கு விடை தேடியவர் ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் எபிங்ஹாஸ். பொருளே இல்லாத அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, தாமே மறந்து, தம்மையே அளந்து 1885-இல் ஒரு நூல் வெளியிட்டார். படித்த ஒரு மணி நேரத்துக்குள் உழைப்பில் பாதிக்கு மேல் கரைந்துவிடுகிறது. ஒரு நாள் கழிந்தால் மூன்றில் ஒரு பங்கே எஞ்சுகிறது என்று கண்டார். மறதி நம் தனிக் குறையன்று, மனித இயல்பு! அவர் கண்ட இன்னோர் உண்மையும் உண்டு. ஒரே நாளில் 68 முறை படிப்பதால் வரும் பயன், மூன்று நாளாகப் பிரித்து 38 முறை படித்தாலே கிடைத்துவிட்டது. மரவள்ளிக் காட்டுக்குக் கிணற்றுத் தண்ணீர் முழுவதையும் ஒரே நாளில் கட்டுவதைவிட, முறை வைத்துப் பாய்ச்சுவதே பயிருக்கு நல்லது என்பதை நம் ஊர் உழவர் அறிவர் அன்றோ?

2006-இல் ரோடிகர், கார்ப்பிக்கி என்னும் இரு அமெரிக்க உளவியலார் மாணவர்களிடம் ஒரு பாடப் பகுதியைக் கொடுத்தனர். ஒரு குழு அதை நான்கு வேளை திரும்பத் திரும்பப் படித்தது. மற்றொரு குழு ஒரு வேளை படித்துவிட்டு, மூன்று வேளை பாராமல் நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது படித்துக்கொண்டே இருந்தவர்கள் முந்தினர். ஒரு வாரம் கழித்தோ, அவர்கள் நினைவில் நின்றது நூற்றுக்கு 40 பங்கு. எழுதிப் பார்த்தவர்களுக்கு 61!

இவற்றை நாங்கள் தேடிப் படிக்கக் காரணம் எங்கள் விடுதித் தோழி ஒருத்தி. இளம்பிள்ளைப் பக்கத்திலிருந்து வருபவள். தாயார் தறியில் சேலை நெய்கிறார். அரையாண்டுத் தேர்வு முடிவு வந்த அன்று, "எனக்குக் கைவேலைதான் வரும், படிப்பு மண்டையில் நிக்காது. பேசாம அம்மாகூடத் தறிக்கே போயிடறேன்" என்று பெட்டியைக் கட்டத் தொடங்கினாள். தறி வேலை தாழ்ந்ததன்று. அதுவே அவளை இதுவரை படிக்க வைத்தது. ஆனால் தனக்கு மூளை இல்லை என்று நம்பிப் போவதை எங்களால் தாங்க முடியவில்லை.

கைக்கும் தலைக்கும் வெவ்வேறு நினைவு வழி உண்டு என்பது மெய்யே. 1953-இல் வலிப்பு நோய்க்காக மூளையில் அறுவை செய்துகொண்ட ஹென்றி மொலேசன் என்ற அமெரிக்கர், அதன்பின் புதிய நிகழ்ச்சி எதையும் நினைவில் வைக்க இயலாதவரானார். பிரெண்டா மில்னர் என்ற பெண் அறிஞர் அவரைக் கண்ணாடியில் பார்த்தபடி நட்சத்திரம் வரையச் செய்தார். நாளுக்கு நாள் கை தேர்ந்தது. அதற்கு முன் வரைந்ததோ அவருக்கு நினைவே இல்லை! இதை அவளிடம் சொல்லி, "உன் கை கற்றது பழக்கத்தால். தலைக்கும் அதற்கேற்ற பழக்கம் கொடுத்துப் பார்ப்போமே" என்றோம்.

விடுதிச் சிஸ்டர் இரவுப் படிப்பில் அரைமணி நேரம் ஒதுக்கித் தந்தார். புத்தகத்தை மூடிவிட்டு ஒருவரையொருவர் கேள்வி கேட்டோம்; மறுநாள் கேட்டோம்; நான்காம் நாள் கேட்டோம்; அடுத்த வாரமும் விடவில்லை. முதல் வாரத்தில் பாதி விடைகள் வரவில்லை. அவள் அழுதாள், ஆனாலும் மறுநாள் வந்தாள். திருப்புதல் தேர்வில் அவள் முதலிடம் பெறவில்லை. உயிரியலில் தேறினாள். கட்டிய பெட்டி கட்டிலுக்கடியில் திரும்பிப் போயிற்று. எங்களுக்கு அதுவே பெரும் பரிசு!

அன்புத் தோழியரே, பாடத்தை விளங்கிக்கொண்டு, இடைவெளி விட்டு, பாராமல் சொல்லிப் பாருங்கள். வராத விடையைக் கண்டு வெட்கப்படாதீர்கள். தேடும் முயற்சியே நினைவை உரமாக்குகிறது. பெற்றோரே, 'மக்கு' என்ற சொல்லை வீட்டிலிருந்து விலக்கி வையுங்கள். அந்தச் சொல்லைப் பிள்ளை மறப்பதே இல்லை. அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பது நம் பாட்டிமார் கண்ட உளவியல்!